ரேடியேட்டர் அண்ணன் நடத்திய பல்கலைக்கழகம்

நின்றுபோன காரை ஓட வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நன்றாக ஓடுகிற காரை, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகமே வராமல், ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைக்கத் தெரிந்தவர் இந்தத் தேசத்திலேயே ஒருவர்தான் இருந்தார். ஓசூரில், கிருஷ்ணகிரி ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டிருந்த ரேடியேட்டர் அண்ணன். ஐம்பதுகளில் எங்கள் ஊரில் கல்லூரி கிடையாது. பல்கலைக்கழகம் மட்டும் இருந்தது. அதை அவர்தான் நடத்தினார்.

சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. மெட்ராஸ் பக்கமிருந்து மேடேறி வரும் கார்களெல்லாம் ஓசூரைத் தொடும்போது மூக்கில் புகை விட்டுக்கொண்டு வரும். "ரேடியேட்டரு சூடாயிருச்சுங்க" என்பார் அண்ணன். அது சரியான வைத்தியம்தான். ஆனால் ஹாரன் அடிக்கவில்லை என்றாலும் அதையேதான் சொல்வார். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரேடியேட்டரு சூடாயிருச்சு, தண்ணி குடி" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

நாங்கள் மூன்று பேர் தினமும் காலை பஸ்ஸில் பெங்களூருக்குப் போய் பி.ஏ. பொருளாதாரம் படித்துவந்தோம். வீட்டில் கன்னடம் பேசும் நஞ்சப்பா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் ஆரோக்கியசாமி. மத்திகிரி கால்நடைப் பண்ணையில் எந்த மாடு எவ்வளவு கறந்தது என்று எழுதுகிறவரின் மகனாகிய நான். சாயங்காலம் திரும்பும் பஸ் கிருஷ்ணகிரி வரை போகிற வண்டி. அந்த பஸ் கம்பெனி முதலாளியின் வண்டிகளுக்கெல்லாம் வேலை பார்த்தவர் அண்ணன்தான் என்பதால், தண்ணீர் ஊற்றிக்கொள்ள அவர் கொட்டகை முன்னால் நிற்கும். நாங்களும் அங்கேயே இறங்குவோம். அதுதான் நாங்கள் செய்த பிழை.

ஒருநாள் அண்ணன் என் கையிலிருந்த நோட்டைக் காட்டி, "இன்னிக்கி காலேஜ்ல என்னப்பா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

எங்கள் பேராசிரியர் டிக்டேட் செய்ததை வாசித்துக் காட்டினேன்.

"இத யாரு சொன்னது?"

"புரொபசருங்ணா."

"அவருக்கு யாரு சொன்னது?"

"அவரு ஒரு நோட்டு வெச்சிருக்காரு. அதப் பாத்துச் சொல்வாரு."

"அவரு நோட்டுலருந்து உங்க நோட்டுக்கு வருது. உங்க நோட்டுலருந்து பரீட்ச பேப்பருக்குப் போவுது. நடுவுல யார் மண்டைக்குள்ளயாச்சும் நிக்குதா?"

நஞ்சப்பா யோசித்துப் பார்த்து, "இல்லீங்ணா, எக்ஸ்பிரஸ் பஸ்ஸு" என்றான்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. அன்று கொட்டகையில் ஒரு கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. அதன் சொந்தக்காரர் சர்வே இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரிடம் போய், "சார், இந்தப் பசங்க பி.ஏ. படிக்குதுங்க. பாவம், ஒண்ணும் தெரியல. வண்டி ரெடியாவற வரைக்கும் நீங்க நாலு வார்த்த சொன்னா நல்லாருக்கும்" என்றார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே ஆரம்பித்து, ரோடு போடுகிறபோது எந்தெந்தப் பெரிய மனிதர் தோட்டத்துக்குப் பக்கத்தில் அது ஏன் வளைந்தது என்பதை ஒரு மணி நேரம் சொன்னார். அரசியல், பொருளாதாரம், உறவுமுறை எல்லாம் அதில் இருந்தது. திறந்த வாய் மூடாமல் கேட்டோம். அண்ணனுக்கு வழி கிடைத்துவிட்டது.

மறுவாரமே 'மாணவர் அறிவு விருத்தி மன்றம்' பிறந்தது. லாரிப் பலகை ஒன்றில் பெயர் எழுதித் தொங்கவிட்டார். பழைய லாரி சீட்டுகள் எங்களுக்கு ஆசனம். வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க வெட்டியிருந்த குழிமேல் இரண்டு பலகையைப் போட்டால் மேடை. பேச வந்தவர் கனமான ஆளாக இருந்துவிட்டால் பலகை முனகும். அப்போது நாங்கள் கண் கொட்டாமல் கவனிப்போம். நம் பேச்சைத்தான் இப்படிக் கவனிக்கிறார்கள் என்று நினைத்து அவர் இன்னும் கையை வீசிப் பேசுவார். பலகை இன்னும் முனகும்.

அது மதுவிலக்குக் காலம். பெங்களூரிலிருந்து வருகிறவர்களை எல்லையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பார்கள். அதிலிருந்து தப்பி வந்தவரை அண்ணன் நிறுத்தி, வாயைத் திறந்து பேசச் சொல்வார். காரில் வருகிறவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் போதும், அவருக்கு வண்டி ரெடியாக ஒன்றரை மணி நேரம். கண்ணாடியோடு புத்தகமும் இருந்துவிட்டால் இரண்டு மணி நேரம். பட்டுச்சட்டையும் தங்கப் பொத்தானுமாக வருகிறவர்களை ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார். "அவுங்ககிட்ட என்னப்பா இருக்கப் போவுது" என்பார்.

எல்லாரும் சர்வேக்காரரைப் போல அமைந்துவிடவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர், மனிதன் எப்படியெல்லாம் திடீரென்று சாகலாம் என்பதை விளக்கமாகச் சொன்னதில், ஆரோக்கியசாமி இரண்டு நாள் ரோட்டைத் தாண்டவில்லை. ஓர் ஓய்வு பெற்ற நீதிபதியை அண்ணன் பிடித்து வைத்தபோது, அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். பலகைமேல் ஏறி நின்று, ஒருவரை அவர் விருப்பமில்லாமல் ஓரிடத்தில் தடுத்து வைப்பது எந்தச் சட்டத்தின்கீழ் குற்றம், அதற்கு என்னென்ன தண்டனை என்று, அண்ணனை ஒரே பார்வையாகப் பார்த்தபடி பேசி முடித்தார். நாங்கள் நடுங்கிப்போனோம். எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டியவர் அண்ணன்தான். "அய்யா சொன்னது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப உபயோகமான விசயம்" என்று நன்றியுரை வேறு சொன்னார். நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெங்களூர் கண்டோன்மென்டிலிருந்து ஏற்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேசினாள். பேச்சை மொழிபெயர்க்க வேண்டும், அதுதான் மன்றத்து ஒழுங்கு என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். கூட்டத்தில் இங்கிலீஷ் தெரியாதவர் ஒரே ஒருவர்தான், மொழிபெயர்த்தவர் அவரே. கிழவி பத்து நிமிஷம் பேசி நிறுத்தினாள்.

"நல்லாப் படிக்கணுமாம்" என்றார் அண்ணன்.

இன்னொரு பத்து நிமிஷம் பேசினாள்.

"ராத்திரி கண்ணு முழிக்காமக் காலைல எந்திரிச்சுப் படிக்கணுமாம்."

கடைசியில் அவள், "தேங்க் யூ" என்றாள். அதற்கு அண்ணன் கால் மணி நேரம் மொழிபெயர்த்தார். தாய் தகப்பனை மதிப்பது, பீடி குடிக்காமல் இருப்பது எல்லாம் அதில் வந்தது. கிழவி நெகிழ்ந்துபோய், தமிழ் எவ்வளவு விரிவான பாஷை என்று வியந்தாள்.

கேட்டால் மட்டும் போதுமா, நீங்களும் ஊர் ஜனங்களுக்கு எதையாவது சொல்லவேண்டாமா என்று அடுத்தபடியாக அண்ணன் ஆரம்பித்தார். ஒரு பொங்கல் சமயம், பாரூர் ஏரிப் பாசனத்து விவசாயிகள் ஏழெட்டுப் பேர் மத்திகிரிப் பண்ணையில் காளை ஒன்று வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். லாரி நின்றது. நிற்காமல் எப்படி? அன்று பலகைமேல் ஏறியது நான். நெல்லும் கரும்பும் போட்டே தலை நரைத்தவர்களுக்கு முன்னால், விவசாயத்தில் 'குறைந்துசெல் விளைவு விதி' என்று நோட்டிலிருந்ததை ஒப்பித்தேன். லாரிமேல் நின்றபடி காளையும் கேட்டது.

முடித்ததும் ஒரு பெரியவர், "தம்பி, ஒரே நெலத்துல எருவ மேல மேலக் கொட்டிக்கிட்டே இருந்தா, ஒரு அளவுக்கு மேல வெளச்சல் ஏறாது, அதான சொல்ற?" என்றார்.

"ஆமாங்க."

"இதுக்கு எத்தன வருசம் படிக்கணும்?"

"மூணு வருசங்க."

பெரியவர் ரொம்ப நேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, எந்த மண்ணுக்கு எந்த அளவு, கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம் அந்த அளவு எப்படி மாறும் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த விதி அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இன்றுவரை மறக்கவில்லை.

"எதுக்குண்ணா உங்களுக்கு இந்த வேலையெல்லாம்?" என்று அன்று கேட்டுவிட்டேன்.

"நாளைக்கி நீ கலெக்டரோ என்னவோ ஆயி இந்த வழியா வருவ. வண்டி நிக்கும். அப்பப் பேசறதுக்கு உங்கிட்ட எதாச்சும் இருக்கணும்ல?" என்றார். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

இந்த அறிவு விருத்தியால் ஒரு சங்கடம் வந்தது. நல்ல பேச்சாளர் மாட்டுகிற நாட்களில், பெங்களூர் போகிற பஸ் டிரைவரிடம் அண்ணன் சொல்லியனுப்புவார். நாங்கள் கடைசி வகுப்பை விட்டுவிட்டு முந்தின பஸ்ஸைப் பிடிப்போம். அந்தக் கடைசி வகுப்பு எங்கள் பொருளாதாரப் பேராசிரியருடையது. கறுப்புக் கோட்டு, பழுப்பேறிய நோட்டு, இங்கிலீஷைத் தவிர இன்னொரு பாஷை தெரியாதவர் போன்ற முகம். மூன்றாம் வருஷம் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் மூவரையும் கூப்பிட்டு, வருகைக் குறைவால் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். வருகைச் சான்றில் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. என் அப்பா வருஷம் முழுக்க மாட்டுப் பால் கணக்கை எழுதி என்னைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியசாமி பஸ்ஸில் வாய் விட்டே அழுதான்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "அவருக்குக் காரு இருக்குதா?" என்றார்.

"இல்லீங்ணா. மாமனார் ஊரு கிருஷ்ணகிரி. சனிக்கிழமையில சில சமயம் பஸ்ல போவாரு."

"பஸ்ஸுதான?" என்றார் அண்ணன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தும் பார்க்காதவராக வந்தார். கொட்டகை முன்னால் பஸ் நின்றது. அண்ணன் பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டார். அவர் பெருமூச்சு கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது.

"எல்லாரும் எறங்குங்க. ஒண்ணரை மணி நேரம் ஆவும். ரேடியேட்டரு."

நாற்பது பேர் இறங்கினார்கள். கோட்டுப் போட்ட ஒரு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக் குதித்தார். அண்ணன் நேராகப் பேராசிரியரிடம் போனார். "அய்யா, இந்த மூணு பசங்களும் எங்க போனாங்கன்னு நீங்க தேடிக்கிட்டு இருந்தீங்களாமே, இங்கதாங்க வந்தாங்க. தப்பு எம்மேல. நீங்க ஒரு நா பேசினா மன்றத்துக்கே மருவாதி" என்று சொல்லி, கையைப் பிடித்துப் பலகைமேல் ஏற்றிவிட்டார்.

பேராசிரியர் கோட்டுப் பையைத் தடவினார். நோட்டு பெங்களூரில் இருந்தது. இருபது வருஷமாக அதைத் திறந்துவைத்துக்கொண்டு பேசியவர். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்றி வியர்த்து, கண்ணாடியில் சொட்டியது. எங்களைப் பரீட்சைக்கு விடமாட்டேன் என்றவர்தான். ஆனாலும் அந்த நிமிஷம் அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது சூளகிரி முனியம்மா பேசினாள். பெங்களூர் மார்க்கெட்டில் அவரைக்காய் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு அதே பஸ்ஸில் தினமும் திரும்புகிறவள்.

"ஏஞ்சாமி, நீங்க என்ன பாடம் சொல்லிக் குடுக்கறீங்க?"

"பொ... பொருளாதாரம்" என்றார். அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் தமிழ்ச் சொல் அது.

"அதுல காய்கறி யாவாரம் வருதுங்களா?"

"வரும்."

"அப்பச் சொல்லுங்க. மழ நல்லாப் பேஞ்சு அவரை நெறையக் காச்சா, வெல எறங்கி எனக்கு நட்டம். மழ பெய்யாமக் காயே இல்லன்னாலும் எனக்குத்தான் நட்டம். ரெண்டு பக்கமும் எனக்கே நட்டம்னா, அந்த லாபம் யாருகிட்டதாஞ் சாமி போவுது?"

பேராசிரியர், தேவை, அளிப்பு என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார். "நெறைய வந்தா வெல எறங்கும், அது எனக்குந் தெரியும் சாமி. லாபம் எங்க போவுதுன்னு கேட்டேன்" என்றாள்.

அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காயை யாருக்கு விற்கிறாய் அம்மா?" என்று கேட்டார். தரகருக்கு என்றாள். விலையை யார் சொல்வது, எத்தனை மணிக்குச் சொல்வார்கள், மீந்த காயை என்ன செய்வாய், எல்லை தாண்டிக் கொண்டு போகாமல் ஓசூரிலேயே விற்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முனியம்மா சொன்னாள். அவள் விட்டதை ஒரு தக்காளி வியாபாரி கன்னடத்தில் சொன்னார். பேராசிரியரும் கன்னடத்துக்குத் தாவினார். பின்னாலிருந்து ஒருவர் தெலுங்கில் மறுத்தார். கொட்டகை சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. பேராசிரியர் பலகையிலிருந்து இறங்கி, முனியம்மாவுக்கு எதிரில் லாரி சீட்டில் உட்கார்ந்தார். என் பக்கம் கையை நீட்டி, "காகிதம்!" என்றார். என் நோட்டைக் கொடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். காலமெல்லாம் எங்களுக்கு டிக்டேட் செய்த மனிதர், அவரைக்காய்க்காரியிடம் டிக்டேஷன் எடுத்துக்கொண்டதை நாங்கள் மூன்று பேரும் வாய் பிளந்து பார்த்தோம்.

ஒன்றரை மணி நேரம் முடிந்து இன்னும் அரை மணி போனது. வக்கீல் கத்திக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். "ஒரு நிமிஷம் இருப்பா!" என்று அவரை அதட்டியவர் பேராசிரியர்தான். கடைசியில் எழுந்து அண்ணனிடம் வந்து, தணிந்த குரலில், "உங்கள் டிராயர் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஃபேன் பெல்ட்டை மாட்டினால் வண்டி கிளம்பும் என்று நினைக்கிறேன்" என்றார். அண்ணன் எடுத்து மாட்டினார்.

திங்கட்கிழமை பேராசிரியர் எங்களைக் கூப்பிட்டார். "நீங்கள் வராத வகுப்புகள் எங்கே நடந்தன என்று நேரில் பார்த்துவிட்டேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மூன்று சான்றிலும் கையெழுத்துப் போட்டார். முகத்தில் சிரிப்பு கிடையாது. ஆனால் அந்த வார வகுப்பில் அவரைக்காய் வந்தது. பெங்களூர்ப் பையன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதை. அந்த வக்கீல் சும்மா இருக்கவில்லை. பஸ் முதலாளியின் வீட்டுக்கே போய், நாற்பது பேரை நிறுத்தி வைத்துக் கூட்டம் போட்டதைச் சொல்லிவிட்டார். முதலாளி தம் பஸ் எதுவும் இனி அந்தக் கொட்டகையில் நிற்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். பஸ்கள் வராமல் போனதும் லாரிக்காரர்களும் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். கண்ணாடி போட்டவர்களின் கார்களை வைத்துக்கொண்டு யாரும் சோறு சாப்பிட முடியாது.

அண்ணன் எங்களிடம் மூச்சு விடவில்லை. "ஏண்ணா, பஸ்ஸெல்லாம் நிக்கறதில்ல?" என்று கேட்டால், "பரீட்ச சமயமாச்சே. சத்தம் இல்லாம இருக்கட்டும்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார். நாங்களும் நம்பினோம். பி.ஏ. படிக்கிறவர்களுக்கு எதையும் நம்பத் தெரியும். பரீட்சையின் கடைசி நாள் திரும்பி வந்தபோது கொட்டகையில் ஒன்றுமே இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு லாரி ஷெட்டில் கூலிக்கு வேலை பார்க்கப் போய்விட்டார் என்று பஸ் டிரைவர் சொன்னார். நடந்தது முழுவதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நஞ்சப்பா காலியாகக் கிடந்த குழியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. மூன்று பேர் ஒரு வருஷத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனிதர் தம் தொழிலைக் கொடுத்திருக்கிறார். அதை எங்களிடம் சொல்லாமலும் இருந்திருக்கிறார்.

ரிசல்ட் வந்த அன்று பெங்களூர் போய்ப் பார்த்தோம். மூன்று பேரும் பாஸ். நஞ்சப்பாவுக்கும் ஆரோக்கியசாமிக்கும் அங்கே உறவுக்காரர்கள் வீட்டில் விருந்து. நான் மட்டும் சாயங்கால பஸ்ஸில் ஏறினேன்.

கிருஷ்ணகிரி ஷெட்டில் ஒரு லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குந்தி, "அண்ணா, பாஸ்" என்றேன்.

"எத்தனாவது கிளாஸு?" என்றது லாரி.

"செகண்டு."

"மத்த ரெண்டு பேரு?"

"அவுங்களுந்தாங்ணா."

கால்கள் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மெதுவாக வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். என் தோளைத் தொடப் போய், வெள்ளைச் சட்டை என்று கையை இழுத்துக்கொண்டார்.

"வீட்ல என்னப்பா சொன்னாங்க?"

"ரொம்ப சந்தோசப்பட்டாங்கண்ணா" என்றேன்.

பஸ் ஓசூரில் நின்றபோது நான் இறங்கவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.